மணிலாவிலிருந்து மாச்சு பிச்சு: பிலிப்பினோ பயணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

மணிலாவிலிருந்து பெருவின் தலைநகரான லிமா சுமார் 18,000 கிலோமீட்டர். மணிலாவில் துளை போட்டுப் பூமியின் மறுபுறம் வெளியே வந்தால் பிரேசிலின் மேற்குப் பகுதி. பெரு அதற்குப் பக்கத்து நாடு. சுற்றுலா கிளம்பும் பிலிப்பினோவுக்கு இதைவிடத் தொலைவாகப் போக உலகத்தில் அதிக இடம் இல்லை. நேரடி விமானமும் கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பி லிமா ஹோட்டலில் செருப்பைக் கழற்ற ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும்.

இருந்தும், பழங்காலக் கட்டடங்கள் பார்க்க எங்காவது தூரமாகப் போகவேண்டும் என்று கேட்கும் பிலிப்பினோ நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது பெருதான். காரணம் விசா. ரோம், ஏதென்ஸ் என்றால் ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே அலைய வேண்டும், பிறகு வங்கிக் கணக்கு, வேலைச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதம். பெருவுக்கோ பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவுக்கு விசாவே வேண்டாம். பிரேசிலுக்கும் கொலம்பியாவுக்கும் அப்படித்தான். தூரம் அதிகம், காகிதம் குறைவு.

பிலிப்பினோ மனைவி, கணவர் அல்லது நண்பரோடு சேர்ந்து போகும் தமிழர்கள் இங்கேயே ஒன்றைக் கவனிக்கவும். இந்தச் சலுகை அவர்களுடைய பாஸ்போர்ட்டுக்கு, உங்களுடையதற்கு அல்ல. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரு விசா உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் ஆகியவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதச் செல்லுபடியோடு இருந்தாலோ, அங்கே நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலோ மட்டும் விலக்கு. இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே ட்ரான்சிட் விசா தேவை. ஒரே குடும்பம், ஒரே டிக்கெட், ஆனால் இரண்டு விதமான வழி. முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இனி திட்டம். சீட் சேல் என்னும் தள்ளுபடி விற்பனை பார்த்து விமான டிக்கெட்டைப் போட்டுவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளும் பழக்கம் மணிலாவில் எல்லாருக்கும் உண்டு. போராகாய் தீவுக்கும் பாங்காக்குக்கும் அது சரி. பெருவின் மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சுவுக்கு அதைத் தலைகீழாகச் செய்யவேண்டும். கடைசி வாசலிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: முதலில் நுழைவுச் சீட்டு, அடுத்து ரயில், அதற்கடுத்து மாச்சு பிச்சுவுக்கு அருகிலுள்ள பெரிய நகரமான குஸ்கோவுக்கு விமானம், கடைசியில்தான் மணிலா டிக்கெட். விமான இருக்கை எந்த நாளும் ஏதாவது ஒரு விலைக்குக் கிடைக்கும். மாச்சு பிச்சுவில் நீங்கள் விரும்பும் பாதையும் மணியும் அப்படிக் கிடைக்காது.

முதல் படி: மாதம்

ஆண்டிஸ் மலையில் மழைக்காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஜனவரி, பிப்ரவரி மோசம். மண் சரிந்து ரயில் பாதை அடைபடுவதும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் உலகமே அங்கே வந்து நிற்கும். ஜூன் 24 அன்று குஸ்கோவில் இந்தி ராய்மி என்னும் சூரியத் திருவிழா, ஜூலை 28, 29 பெருவின் தேசிய விடுமுறை. அந்த நாட்களை ஒட்டி விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும்.

பிலிப்பைன்ஸ் பள்ளிகள் 2025-26 கல்வியாண்டிலிருந்து பழையபடி ஜூன் முதல் மார்ச் வரை என்று மாறிவிட்டதால் ஏப்ரல், மே மீண்டும் கோடை விடுமுறை ஆகிவிட்டது. இது பெருவுக்குப் போக நல்வாய்ப்பு. ஏப்ரல் கடைசியில் மழை ஓய்ந்திருக்கும், மலையெல்லாம் பச்சையாக இருக்கும், ஜூன் கூட்டம் இன்னும் வந்திருக்காது. மே முதல் பாதியையே நான் தேர்ந்தெடுப்பேன். டிசம்பர் 24க்குள் கைக்கு வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு ஜனவரியிலேயே கிளம்ப ஆசை வரும். வேண்டாம். அந்தப் பணத்தில் நுழைவுச் சீட்டையும் ரயிலையும் வாங்கிவிட்டு மே மாதத்துக்குக் காத்திருங்கள்.

இரண்டாம் படி: நுழைவுச் சீட்டு

இதைப் பெருவின் கலாசார அமைச்சகத்தின் இணையதளத்தில் நீங்களே வாங்கலாம். வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 152 சோல் (பெருவின் நாணயம்), மலையேற்றம் சேர்ந்த சீட்டு 200 சோல். ஒரு நாளைக்கு 4,500 பேர், நெரிசல் தேதிகளில் 5,600 பேர் வரை உள்ளே விடுகிறார்கள். சீட்டில் பெயர், பாஸ்போர்ட் எண், உள்ளே நுழையும் மணி மூன்றும் அச்சாகும். வாசலில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டும். சீட்டு வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து எண் மாறிப்போனால் வீண் தொல்லை. ஆகவே ஆறு மாதத்துக்குக் குறைவான ஆயுள் உள்ள பாஸ்போர்ட் என்றால் டி.எஃப்.ஏ. (பிலிப்பைன்ஸ் வெளியுறவுத் துறை) வேலையை முதலில் முடியுங்கள். சாதாரணக் கட்டணம் 950 பெசோ, அவசரம் என்றால் 1,200.

பெரிய கேள்வி, எந்தச் சீட்டு? 2024 ஜூன் முதல் மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்து பாதைகள் என்று பிரித்துவிட்டார்கள். ஒரு சீட்டுக்கு ஒரு பாதைதான், ஒருவழிப் பாதை. திரும்பி நடந்து "அங்கே இன்னொரு போட்டோ" என்று கேட்டால் காவலர் விசில் ஊதுவார்.

முதல் சுற்று மேலிருந்து பார்ப்பது. காலண்டரில் வரும் அந்தப் படம் இங்கிருந்துதான், ஆனால் நகரத்துக்குள் இறங்க முடியாது. மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதி. வாய்னா பிச்சு சிகரம் ஏறுபவர்கள் இதை எடுக்கவேண்டும். படிகள் செங்குத்து, ஒரு பக்கம் பாதாளம், தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அல்ல. இரண்டாம் சுற்றில் மேலிருந்து பார்க்கும் காட்சியும் உண்டு, ஊருக்குள் நடையும் உண்டு. இவ்வளவு தூரம் ஒரே ஒரு தடவை போகிறவர் இரண்டாம் சுற்றைத் தவிர வேறெதையும் முதலில் யோசிக்கக்கூடாது என்பது என் கருத்து. அதுதான் முதலில் தீரும். அதனால்தான் மாதக்கணக்கில் முன்னால் வாங்கச் சொல்கிறேன். அது தீர்ந்துவிட்டால் உங்கள் தேதிகளை ஒரு நாள் முன்பின் நகர்த்துங்கள். விமான டிக்கெட்டை இன்னும் வாங்காததன் லாபம் அப்போது தெரியும்.

மலையடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியன்டெஸில் தினம் 1,000 சீட்டு நேரில் விற்கிறார்கள். லிமாவிலிருந்து வருபவருக்கு அது சரி. 18,000 கிலோமீட்டர் பறந்து வருபவர் அதை நம்பி வரக்கூடாது.

நான்கு நாள் நடந்தே போகும் இன்கா பாதைக்கு அனுமதி தனி. ஒரு நாளைக்கு 500 பேர், அதில் வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும் அடக்கம். பிப்ரவரியில் மூடிவிடுவார்கள். உரிமம் பெற்ற நிறுவனம் மூலம்தான் போகமுடியும். 4,200 மீட்டரைத் தாண்டும் கணவாய் ஒன்று நடுவில் இருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் இதை மறந்துவிடலாம்.

மூன்றாம் படி: ரயிலும் பஸ்ஸும்

மாச்சு பிச்சுவுக்குக் கார் போகாது. ஒல்லந்தாய்தம்போ என்ற ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ரயில் பயணம். பெருரெயில், இன்காரெயில் என்று இரண்டு நிறுவனங்கள். ஒரு வழிக்கு 60, 70 டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. பயணத்தில் கையைக் கடிப்பது இதுதான். பெட்டிக்குள் சின்னப் பைக்குத்தான் இடம், பெரிய சூட்கேஸை ஒல்லந்தாய்தம்போ ஹோட்டலிலோ குஸ்கோவிலோ விட்டுவிட்டுப் போகவேண்டும். அகுவாஸ் காலியன்டெஸிலிருந்து வாசல் வரை பஸ், சுமார் 25 நிமிடம், ஒரு வழிக்கு சுமார் 12 டாலர். விடிவதற்கு முன்பே வரிசை நீளும்.

இந்தப் பாதையில் மறியல் நடப்பது புதிதல்ல. 2023 ஜனவரியில் நாடு தழுவிய போராட்டத்தால் மாச்சு பிச்சு மூன்று வாரத்துக்கு மேல் மூடிக்கிடந்தது. 2025 செப்டம்பரில் பஸ் உரிமம் தொடர்பான தகராறில் தண்டவாளத்தை மறித்தார்கள், நூற்றுக்கணக்கான பயணிகள் மலையடிவாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். எனவே மாச்சு பிச்சு நாளுக்கும் லிமாவிலிருந்து திரும்பும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது மூன்று நாள் விடுங்கள். குஸ்கோவில் பார்க்க நிறைய இருப்பதால் அந்த நாட்கள் வீணாகாது.

நான்காம் படி: எந்த வழியாகப் பறப்பது

பெருவுக்கு விசா இல்லை என்பது பாதி உண்மைதான். நடுவில் இறங்கும் நாடு என்ன கேட்கும் என்பது மீதி.

பசிபிக் வழி குறுகியது: மணிலாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ், அங்கிருந்து லிமா. ஆனால் அமெரிக்காவில் "நான் ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகமாட்டேன்" என்ற பேச்சு எடுபடாது. விமானம் மாறவும் விசா வேண்டும். பத்து வருட அமெரிக்க விசா ஏற்கெனவே பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் சிறந்த வழி. அந்த விசா இருந்தால், அல்லது கடந்த பத்து ஆண்டில் கனடா விசா வாங்கியிருந்தால், வான்வழியாகக் கனடா போக பிலிப்பினோக்களுக்கு இ.டி.ஏ. என்ற இணைய அனுமதி போதும், அந்தப் பக்கமும் வழி திறக்கும்.

எந்த விசாவும் இல்லாதவர் மேற்கே திரும்புங்கள். மணிலாவிலிருந்து தோஹா அல்லது துபாய், அங்கிருந்து சாவோ பாவ்லோ, பிறகு லிமா. தூரம் கூடுதல், அலுப்பும் கூடுதல். ஆனால் வளைகுடாவில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம், பிரேசிலுக்கு பிலிப்பினோக்களுக்கு விசா இல்லை. பெட்டி லிமா வரை போகாமல் சாவோ பாவ்லோவில் வெளியே வந்துவிட்டாலும் நீங்கள் போய் எடுத்துவரலாம். இந்த நிம்மதி வேறு வழிகளில் இல்லை. ஆம்ஸ்டர்டாம் வழியாகவும் போகலாம், அங்கிருந்து லிமாவுக்கு நேரடி விமானம் உண்டு. ஐரோப்பாவில் ஒரே டிக்கெட்டில், ஒரே விமான நிலையத்தில் மாறுவதாக மட்டும் இருக்கட்டும்.

துபாயில் அக்காவோ சித்தியோ இல்லாத பிலிப்பினோ குடும்பம் அரிது. இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற யோசனை வரும். நல்லதுதான், ஆனால் வெளியே வர ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாட்டின் ட்ரான்சிட் விசா வேண்டும். 48 மணி, 96 மணி என்று இரண்டு வகை. விமான நிறுவனம் மூலம் முன்கூட்டியே வாங்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வந்து திரும்பாமல் அங்கிருந்தே கிளம்பினால் ஒரு நீண்ட பறப்பு மிச்சம்.

எந்த வழியானாலும் மணிலா முதல் லிமா வரை ஒரே பி.என்.ஆர். எண்ணில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் பத்தாயிரம் பெசோ மிச்சமாகத் தெரியலாம். முதல் விமானம் தாமதமானால் மீதி டிக்கெட்டுகள் வெறும் காகிதம்.

ஐந்தாம் படி: மணிலா இமிக்ரேஷன்

பிலிப்பினோ பயணிகளுக்குப் பெருவின் இமிக்ரேஷனைவிடத் தங்கள் நாட்டு இமிக்ரேஷன்தான் பயம். விசா இல்லாத நாட்டுக்கு முதல்முறை போகும் இளம் பெண், தனியாகப் போகிறவர், வேலை மாறிக்கொண்டிருப்பவர் ஆகியோரை நிறுத்தி இரண்டாம் கட்ட விசாரணைக்கு அனுப்புவார்கள். திருப்தி இல்லை என்றால் விமானத்தில் ஏறவிடமாட்டார்கள். இதற்கு ஊர்ப்பெயர் "ஆஃப்லோட்". ஆட்கடத்தலைத் தடுக்க வந்த ஏற்பாடு. வெளிநாட்டில் ஏமாற்றப்பட்டுச் சிக்கிக்கொள்ளும் பிலிப்பினோக்கள் ஏராளம் என்பதால் அதன் நியாயத்தை மறுக்கமுடியாது. ஆனால் இஸ்ரேலுக்குக் கிளம்பிய ஒரு பெண்ணிடம் பள்ளி இயர்புக் கேட்டு, அவர் விமானத்தைத் தவறவிட்ட கதை 2023இல் வெளிவந்து நாடே கொதித்ததும் உண்மை. அந்த ஆண்டு கொண்டுவரப்பட்ட கடுமையான புது விதிகளை, எதிர்ப்பு கிளம்பியதும் நீதித்துறை அமைச்சகம் நிறுத்தி வைத்தது.

பெரு என்றால் அதிகாரிக்கு ஆச்சரியம் வரும். "பெருவிலா? அங்கே யார் இருக்கிறார்கள்? பெரு போகிறவர் ஏன் துபாய் விமானத்தில் ஏறுகிறீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கட்டும், ஏனென்றால் வளைகுடா வழி போகிறவரை அங்கேயே வேலைக்கு இறங்கிவிடுவாரோ என்று சந்தேகிப்பது இயல்பு. கையில் அச்சிட்டு வைத்திருக்கவேண்டியவை: போக வர டிக்கெட், ஹோட்டல் பதிவு, பெயர் போட்ட மாச்சு பிச்சு நுழைவுச் சீட்டு, ரயில் டிக்கெட், அலுவலக அடையாள அட்டை, விடுப்பு அனுமதிக் கடிதம். வேறு யாராவது செலவு செய்கிறார்கள் என்றால் உறவைக் காட்டும் சான்றும் ஆதரவுப் பிரமாணப் பத்திரமும். முன்கூட்டியே வாங்கிய நுழைவுச் சீட்டுக்கு இங்கே இன்னொரு பயன்: தேதியும் மணியும் பாஸ்போர்ட் எண்ணும் உள்ள அந்தத் தாளைப் போல "நான் சுற்றுலாப் பயணி" என்று சொல்ல வேறு தாள் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்காத காகிதத்தை நீட்டாதீர்கள்.

பெற்றோர் இல்லாமல் போகும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டி.எஸ்.டபிள்யு.டி. என்னும் சமூக நலத்துறையின் அனுமதி வேண்டும். இ-டிராவல் என்னும் அரசின் இணையப் பயணப் பதிவைக் கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்யவேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. பயண வரி எகானமி வகுப்புக்கு 1,620 பெசோ என்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதை எடுத்துவிடவேண்டும் என்ற பேச்சும் நடப்பதால் டிக்கெட் விலையில் சேர்ந்திருக்கிறதா, தனியாகக் கட்டவேண்டுமா என்று வாங்கும்போதே பாருங்கள். பெசோ நோட்டு 50,000க்கு மேல் வெளியே கொண்டுபோகக்கூடாது. கொண்டுபோய்ப் பயனும் இல்லை, குஸ்கோவில் பெசோவை யாரும் மாற்றமாட்டார்கள். கிழியாத, கோடு விழாத டாலர் நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: உடம்பு

பிலிப்பைன்ஸின் மிக உயர்ந்த சிகரமான அப்போ மலை 2,954 மீட்டர். குஸ்கோ விமான நிலையம் அதைவிட சுமார் முந்நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாகியோ மலைநகரின் குளிரே உயரம் என்று பழகியவர் கடல் மட்டத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே போய் இறங்குகிறார். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குதல் எல்லாம் வரும். இளைஞர், நல்ல உடற்பயிற்சி உள்ளவர் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

இதற்கு மருந்தைவிட நாள் வரிசைதான் முக்கியம். குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காதீர்கள். விமான நிலையத்திலிருந்தே வண்டி பிடித்துப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். ஒல்லந்தாய்தம்போ 2,800 மீட்டருக்குச் சற்றுக் கீழே, அகுவாஸ் காலியன்டெஸ் 2,040, மாச்சு பிச்சு 2,430. பலர் நினைப்பதற்கு மாறாக, மாச்சு பிச்சு குஸ்கோவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்வானது. உடம்பு பழகிய பிறகு கடைசியில் குஸ்கோவுக்கு ஏறுங்கள். உயரத்தால் வரும் இந்தத் தொல்லைக்குக் கொடுக்கும் அசெட்டஸோலமைட் மாத்திரை பற்றி மணிலாவிலேயே டாக்டரிடம் கேளுங்கள். சல்பா ஒவ்வாமை, இதயம், நுரையீரல், கர்ப்பம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நடை தள்ளாடினாலோ அன்றே கீழே இறங்கவேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

அடுத்து கோக்கா தேநீர். குஸ்கோவில் ஹோட்டலில் கால் வைத்ததும் கோப்பையை நீட்டுவார்கள். பெருவில் அது சட்டப்படி சரி, ஊரே குடிக்கிறது. ஆனால் ஒரு கோப்பை குடித்தாலே சிறுநீர்ப் பரிசோதனையில் கோகெய்ன் காட்டும். கப்பலில் வேலை பார்க்கும் பிலிப்பினோக்கள் எத்தனை பேர், அவர்களுக்குக் கப்பல் ஏறுமுன் போதைப்பொருள் சோதனை எவ்வளவு கட்டாயம் என்பது தெரிந்ததுதான். ஒரு கோப்பைத் தேநீருக்காக ஒப்பந்தம் போய்விடும். அவர்கள் முன்யா என்னும் புதினா வாசமுள்ள மலைமூலிகைத் தேநீர் கேட்கட்டும், அதுவும் எல்லா இடத்திலும் கிடைக்கும். கோக்கா இலை, தேநீர்ப் பை, மிட்டாய் எதையும் பசலுபோங் (ஊருக்கு வாங்கிவரும் பரிசு) என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வரவே கூடாது. பிலிப்பைன்ஸின் 2002ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் இதில் விளையாட்டுக்கு இடம் தராது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். லிமாவுக்கும் குஸ்கோவுக்கும் மாச்சு பிச்சுவுக்கும் மருத்துவ ரீதியில் அது தேவையில்லை. ஆனால் பெருவும் பிரேசிலும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கிருந்து பிலிப்பைன்ஸுக்கு வருபவரிடம் தடுப்பூசிச் சான்று கேட்கும் விதி உண்டு. குவாரன்டைன் அலுவலகத்தில் ஊசி போட்டு மஞ்சள் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டிருக்கவேண்டும். ஒருமுறை போட்டால் சான்று ஆயுள் முழுதும் செல்லும்.

ஏழாம் படி: நாள் வரிசை

லிமாவுக்கும் மணிலாவுக்கும் 13 மணி நேர வித்தியாசம். பகல் இரவாகிவிடும். முதல் நாள் லிமாவிலேயே இருங்கள். மிராஃப்ளோரெஸ் பகுதியில் வீடுகளுக்கு நடுவே வாகா புக்யானா என்ற மண்செங்கல் பிரமிடு இருக்கிறது. செங்கற்களை அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல நிற்கவைத்து, இடையில் சிறு இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். நில அதிர்வில் சுவர் அசைந்து கொடுக்கட்டும் என்று. மாச்சு பிச்சுவைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. உண்மையிலேயே பழமை வேண்டும் என்பவர் லிமாவுக்கு வடக்கே மூன்று, நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள கராலுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். அது ஐயாயிரம் ஆண்டு பழைய நகரம், 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

மாச்சு பிச்சு அவ்வளவு பழசல்ல, 15ஆம் நூற்றாண்டு. ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி மணிலாவை ஸ்பானியத் தலைநகராக அறிவித்தது 1571 ஜூனில். கடைசி இன்கா மன்னர் துபாக் அமாருவை ஸ்பானியர் குஸ்கோ சதுக்கத்தில் தலை வெட்டியது 1572 செப்டம்பரில். ஒரே அரசு, ஒரே தலைமுறை. குஸ்கோவில் நிற்கும் பிலிப்பினோவுக்கு மணிலாவின் பழைய ஸ்பானியக் கோட்டை நகரமான இன்ட்ராமுரோஸ் ஞாபகம் வருவதில் வியப்பில்லை.

இரண்டாம் நாள் காலை விமானத்தில் குஸ்கோ, உடனே ஒல்லந்தாய்தம்போ. அங்கே இரண்டு இரவு. ரயில் பிடிக்க மட்டும் இந்த ஊருக்கு வந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மலைமேல் கட்டி முடிக்கப்படாத சூரியக் கோயிலில் ஆறு இளஞ்சிவப்புப் பாறைப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. பலகைக்கும் பலகைக்கும் நடுவே கை அகலத்தில் மெல்லிய கல் பட்டைகளைச் செருகியிருப்பதைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அந்தக் கல் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மலையிலிருந்து வெட்டி, இழுத்து, ஆற்றைக் கடத்தி, இங்கே ஏற்றப்பட்டது. வழியில் கைவிடப்பட்ட கற்கள் இன்னும் கிடக்கின்றன. 1537இல் மான்கோ இன்கா ஸ்பானியப் படையை இந்தப் படிக்கட்டு வயல்களில்தான் முறியடித்தார்.

நான்காம் நாள் மாலை ரயிலில் அகுவாஸ் காலியன்டெஸ், மறுநாள் காலை மாச்சு பிச்சு. உள்ளே கழிப்பறை கிடையாது, வாசலுக்கு வெளியேதான். வெளியே வந்தால் அதே சீட்டில் மறுபடி நுழையமுடியாது. 40க்கு 35க்கு 20 சென்டிமீட்டரைவிடப் பெரிய பை, டிரைபாட், ட்ரோன், செல்ஃபி குச்சி எதுவும் கூடாது. பிலிப்பினோ கையை விட்டுப் பிரியாத குடையும் கூடாது, ரெயின்கோட் எடுத்துப்போங்கள். வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், பலகைகள் ஒன்றும் சொல்வதில்லை. சுவர்கள் உட்புறம் சாய்ந்திருப்பதும், வாசல்கள் மேலே குறுகி இருப்பதும் அலங்காரத்துக்கு அல்ல, நிலநடுக்கத்துக்கு. பிலிப்பைன்ஸின் பாவோய் தேவாலயத்தின் பருத்த உதைசுவர்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இந்திவதானா என்னும் சூரியக் கல்லின் ஒரு மூலை உடைந்திருப்பது 2000ஆம் ஆண்டில் பீர் விளம்பரப் படப்பிடிப்பின்போது கிரேன் விழுந்ததால். அதற்குப் பிறகுதான் கெடுபிடி கூடியது.

அன்றிரவோ மறுநாளோ குஸ்கோ. இப்போது உடம்பு பழகியிருக்கும். ஊருக்கு மேலே 3,700 மீட்டரில் சாக்சாய்வமான் என்னும் இன்கா கோட்டை, நூறு டன்னைத் தாண்டும் கற்கள் அதன் சுவரில் உண்டு. கோரிகாஞ்சாவில் இன்காக்களின் சூரியக் கோயில் மேல் ஸ்பானியர் சாந்தோ தொமிங்கோ ஆலயத்தைக் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மேலே இருந்தது இடிய, உள்ளே இருந்த இன்கா சுவர் அசையாமல் வெளிப்பட்டது. சாக்சாய்வமான், பிசாக், ஒல்லந்தாய்தம்போ, மோராய் முதலியவற்றுக்கு 130 சோல் கொடுத்துப் பத்து நாள் செல்லும் கூட்டுச் சீட்டு வாங்கவேண்டும். கோரிகாஞ்சாவும் தேவாலயங்களும் அதில் சேராது. மாச்சு பிச்சுவிலிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு நூற்றாண்டு கழித்துத் திரும்பிய பொருட்கள் காசா கோன்சா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே கூட்டம் இருக்காது. ஞாயிறு பூசைக்குக் கதீட்ரலுக்குப் போகிறவர்கள் பூகம்பத்தின் ஆண்டவர் என்னும் கறுத்த சிலுவைநாதரைப் பார்ப்பார்கள். மணிலாவின் கியாபோ ஆலயத்தில் கறுப்பு நசரேனோ என்னும் இயேசு சிலையை வணங்குபவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

மீதிச் சில்லறை விஷயங்கள்

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், எல்லாவற்றோடும் சோறு வரும். சீனர்கள் கொண்டுவந்த சௌஃபா என்னும் வறுத்த சோறு தெருவுக்குத் தெரு உண்டு. சந்தையில் எண்களைப் புரிந்துகொள்வதும் பிலிப்பினோக்களுக்குச் சிரமமில்லை, டகாலோக் மொழியில் விலையும் மணியும் பாதி ஸ்பானியத்தில்தானே சொல்கிறார்கள்.

பதிவு மெஷினிலும் படிவத்திலும் இரண்டு குடும்பப் பெயர் கேட்பார்கள். பெருவில் அப்பாவின் பெயர் முதலில், அம்மாவின் பெயர் பிறகு. பிலிப்பைன்ஸில் அம்மாவின் பெயர் நடுவில் வரும். மாற்றிப் போட்டால் ரயில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துவராது. ஹோட்டலில் பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்த பதிவையும் காட்டினால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு 18 சதவீத வரி விலக்கு உண்டு. அவர்களாகச் சொல்லாவிட்டால் வாய் திறந்து கேளுங்கள்.

சந்தையில் "பேபி அல்பாக்கா" கம்பளி என்று இருபது சோலுக்கு விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். அசலுக்கு அந்த விலை வராது, தொட்டால் குளுமையாக இருக்கும். பசலுபோங் பட்டியல் நீளமாக இருந்தால் அக்ரிலிக்கே போதும், ஆனால் அக்ரிலிக் விலைக்கு வாங்குங்கள். திரும்பும்போதும் இ-டிராவல் பதிவு உண்டு. லிமாவில் ஏறுவதற்கு முன்பே, ஹோட்டல் வைஃபை இருக்கும்போது முடித்துவிட்டு, மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.